டேப்லெட்டும் கணினிதானா? – ஓர் ஆறாம் வகுப்புக் கேள்வி

ஆறாம் வகுப்பு அறிவியலில் 'கணினியின் பாகங்கள்' பாடம். கம்பைநல்லூர்ப் பகுதியில் உள்ள எங்கள் நடுநிலைப்பள்ளியில் அன்று பிற்பகல் முதல் பாடவேளை. பாடத்தைத் தொடங்கும் முன் வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டேன்: "யார் யார் வீட்டில் கணினி இருக்கிறது?"

மூன்று கைகள் உயர்ந்தன. இரண்டு வீடுகளில் இருந்தது, அண்ணனோ அக்காவோ மேல்நிலை வகுப்பில் பெற்ற அரசு மடிக்கணினி. மூன்றாவது மாணவி பாதி தூக்கிய கையை இறக்கிவிட்டாள்.

"என்னம்மா, ஏன் கையை இறக்கிட்ட?"

"எங்க வீட்டுல டேப்தான் சார் இருக்குது. பெங்களூருல வேலை செய்யற மாமா குடுத்தாரு. அது கம்ப்யூட்டர்ல சேருமா, சேராதா சார்?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "கீபோர்டு இல்ல, மவுஸ் இல்ல, அது பெரிய செல்போன்தான்" என்றது ஒரு பக்கம். "கைக்கணினின்னு பேர்லயே கணினி இருக்குதே" என்றது மறுபக்கம். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம், அன்று காலைதான் தலைமையாசிரியரோடு உட்கார்ந்து பள்ளியின் கருவிகள் பற்றிய விவரங்களைச் சரிபார்த்திருந்தேன். ஆசிரியர்களுக்கு வந்த கைக்கணினிகளைக் கணினி என்று எண்ணினால், எங்கள் பள்ளி கணினி வசதி உள்ள பள்ளி. எண்ணாவிட்டால், எங்களிடம் இருப்பது ஒரு பழைய மடிக்கணினி மட்டுமே. ஒரு சொல்லை எப்படிப் பொருள்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து எங்கள் மாணவர்களின் நிலையே தாளில் மாறிவிடுகிறது. அந்த மாணவி கேட்டதும் அதே கேள்விதான்.

பதிலை நாளைக்குச் சொல்கிறேன் என்று கூறிவிட்டு, அடுத்த இரண்டு வாரங்களில் நானும் படித்தேன், மாணவர்களோடு சேர்ந்து சோதித்தும் பார்த்தேன். அதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பாடநூல் வைக்கும் சோதனை

முதலில் பாடநூலையே கையில் எடுத்தோம். உள்ளீட்டகம், மையச் செயலகம், வெளியீட்டகம் ஆகிய மூன்றும் இருந்தால் அது கணினி. மையச் செயலகத்துக்குள் நினைவகம், கணிதத் தருக்கச் செயலகம், கட்டுப்பாட்டகம் ஆகியவை இருக்க வேண்டும். கரும்பலகையில் அட்டவணை வரைந்து டேப்லெட்டைப் பொருத்திப் பார்த்தோம்.

தொடுதிரை, ஒலிவாங்கி, கேமரா ஆகியவை உள்ளீடு. திரையும் ஒலிபெருக்கியும் வெளியீடு. தொடுதிரை இரண்டு பக்கமும் வருகிறதே என்று ஒரு மாணவன் கண்டுபிடித்தான். நல்ல கண்டுபிடிப்பு. ஒரே பாகம் இரண்டு வேலையையும் செய்யலாம் என்பதை அங்கேயே பதிய வைத்தேன். செயலியும் நினைவகமும் உள்ளே ஒரே சிறிய பலகையில் இருக்கின்றன. எந்தக் கட்டத்திலும் டேப்லெட் தோற்கவில்லை.

ஆனால் அதே அட்டவணையில் செல்போனைப் போட்டாலும் தேறிவிடுகிறது. ஆகவே 'கணினியா?' என்ற கேள்விக்கு இந்தச் சோதனை போதும். 'தனியாள் கணினியா?' என்ற கேள்விக்குப் போதாது. அதற்கு வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

'தனியாள்' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

1960-களில் கணினி என்பது ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரம். நிறுவனமோ பல்கலைக்கழகமோதான் அதை வைத்திருக்க முடியும். பயன்படுத்த விரும்புவோர் தம் வேலையைக் கொடுத்துவிட்டு முறைக்காகக் காத்திருப்பார்கள். ஒரே ஆள், தன் விருப்பப்படி, தன் நேரத்தில் பயன்படுத்தும் கணினி என்ற எண்ணம் அதற்கு மாற்றாக வந்தது. 1977-இல் ஆப்பிள் 2, 1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனத்தின் 'பெர்சனல் கம்ப்யூட்டர்' ஆகியவை அந்த எண்ணத்தை வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டுசென்றன. மேசைமேல் பெட்டி, முன்னால் விசைப்பலகை என்ற உருவம் நம் மனத்தில் பதிந்தது அப்போதிலிருந்துதான்.

ஆசிரியர்களாகிய நமக்கு முக்கியமான செய்தி இதற்கும் முந்தையது. 1972-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஆலன் கே ஒரு கட்டுரை எழுதினார். எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான தனியாள் கணினி பற்றியது அது. அவர் அதற்கு வைத்த பெயர் 'டைனாபுக்'. நோட்டுப் புத்தக அளவு, தட்டையான திரை, கையில் எடுத்துச் செல்லலாம். அன்று அது வெறும் வரைபடம்தான். இன்று அந்த வரைபடத்தைப் பார்க்கும் யாரும் டேப்லெட் என்றே சொல்வார்கள். திரைக்குக் கீழே விசைப்பலகையும் இருந்தது.

அந்தக் கட்டுரை இரண்டு குழந்தைகளின் கதையோடு தொடங்குகிறது. அவர்கள் விண்கலச் சண்டை விளையாட்டு ஒன்றை விளையாடுகிறார்கள். சூரியன் இருந்தால் அது கலத்தை இழுக்குமே என்று ஒரு குழந்தைக்குத் தோன்றுகிறது. விளையாட்டில் அந்த ஈர்ப்பைச் சேர்க்க முயல்கிறார்கள். அப்படியே அறிவியலுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். ஆலன் கேயின் பார்வையில் கருவியின் வடிவம் இரண்டாம்பட்சம். குழந்தை அதில் ஒன்றைப் பார்ப்பதோடு நிற்காமல், மாற்றவும் புதிதாகச் செய்யவும் முடிய வேண்டும். அதுதான் அவருக்குத் தனியாள் கணினி.

எண்ணுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்?

2010 ஏப்ரலில் ஐபேட் விற்பனைக்கு வந்தபின் இந்தக் கேள்வி சந்தையிலும் எழுந்தது. கணினி விற்பனையைக் கணக்கிடும் நிறுவனங்களில் கேனலிஸ் டேப்லெட்டையும் தனியாள் கணினியோடு சேர்த்து எண்ணியது. ஐடிசி, கார்ட்னர் போன்றவை சேர்க்கவில்லை. 2011-ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் ஆப்பிள் ஏறத்தாழ 1.5 கோடி ஐபேட்களையும் 50 லட்சம் மேக் கணினிகளையும் விற்றது. சேர்த்து எண்ணிய பட்டியலில் உலகின் முதலிடம் ஆப்பிளுக்கு. சேர்க்காத பட்டியலில் எச்பிக்கு. விற்ற பொருள்கள் அவைதாம், எண்ணிய முறைதான் வேறு.

வீடுகளை எண்ணும்போதும் இதே நிலைதான். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வரையறையில் மேசைக்கணினி, மடிக்கணினி, டேப்லெட் மூன்றும் கணினி. திறன்பேசி கணினி அல்ல. நம் நாட்டில் 2017-18-இல் கல்வி பற்றி நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும் டேப்லெட் போன்ற கையடக்கக் கருவிகளைக் கணினியில் சேர்த்தே எண்ணியது. அப்படிச் சேர்த்தும்கூட நாட்டின் ஊரகக் குடும்பங்களில் 4.4 விழுக்காடு, நகர்ப்புறக் குடும்பங்களில் 23.4 விழுக்காடு மட்டுமே கணினி வைத்திருந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ 'கணினி/மடிக்கணினி' என்றுதான் கேட்கப்பட்டது. ஆக, எங்கள் மாணவியின் வீடு ஒரு கணக்கெடுப்பில் கணினி உள்ள வீடு. இன்னொன்றில் கணக்கெடுக்க வருபவரும் வீட்டாரும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பாதியில் இறங்கிய அந்தக் கைக்கு நியாயம் இருக்கிறது.

நமக்கு நன்கு பழக்கமான யுடைஸ் பிளஸ் படிவம் இதில் தெளிவாக இருக்கிறது. மேசைக்கணினி, மடிக்கணினி, டேப்லெட் ஆகியவற்றின் எண்ணிக்கையைத் தனித்தனியாகவே அது கேட்கிறது. குழப்பம் வருவது பிறகுதான். கூட்டங்களில், அறிக்கைகளில், பேச்சில் நாம் எல்லாவற்றையும் கூட்டி 'இத்தனை கணினிகள்' என்று ஒரே எண்ணாகச் சொல்லும்போது அந்தத் தெளிவு போய்விடுகிறது.

நம் மாநிலம் கடந்து வந்த வழி

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. மூன்று வாரத்திற்குள், அக்டோபர் 5 அன்று, தில்லியில் ஒன்றிய அரசு 'ஆகாஷ்' என்ற மலிவு விலை டேப்லெட்டை வெளியிட்டது. 7 அங்குலத் திரை, அரசு வாங்கிய விலை ரூ.2,276. மாணவருக்கு எந்தக் கணினி வேண்டும் என்ற கேள்விக்கு ஏறத்தாழ ஒரே நேரத்தில் இரண்டு அரசுகள் இரண்டு விடை கூறின. ஆகாஷ் எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை. மடிக்கணினியோ நம் ஊர்களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தது. எங்கள் வகுப்பில் உயர்ந்த முதல் இரண்டு கைகளுக்கும் அதுவே காரணம்.

பிறகு காலம் மாறியது. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியபின், மதிப்பீடுகளையும் பதிவுகளையும் செயலியில் செய்யும் தேவை கூடியது. 2024-இல் தொடக்க, நடுநிலைப்பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 80,000 பேருக்குக் கைக்கணினி வழங்கும் பணி தொடங்கியது. 2025-26 நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு 'கைக்கணினி அல்லது மடிக்கணினி' என்று அறிவித்தது. அந்த 'அல்லது' என்ற சொல்லில் நம் கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது. பின்னர் எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரியது மடிக்கணினிகளுக்கு.

ஆசிரியருக்குக் கைக்கணினி, கல்லூரி மாணவருக்கு மடிக்கணினி. இரண்டும் முரண் அல்ல. வகுப்பில் நடந்துகொண்டே பதிவு செய்பவருக்குக் கைக்கணினி பொருந்தும். கட்டுரையும் நிரலும் எழுத வேண்டியவருக்கு மடிக்கணினி பொருந்தும். அப்படியென்றால் ஆறாம் வகுப்பு மாணவருக்கு எது? அதைச் சோதித்துப் பார்த்தோம்.

நான்கு வேலைகள், இரண்டு கருவிகள்

எங்களிடம் இருந்தவை ஒரு கைக்கணினியும் ஒரு பழைய மடிக்கணினியும். மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து நான்கு வேலைகள் கொடுத்தேன்.

முதல் வேலை, பள்ளி வளாகத்தில் உள்ள வேம்பு, புங்கன், புளி இலைகளைப் படமெடுத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் சொந்தக் குரலில் இரண்டு வரி பதிவுசெய்வது. கைக்கணினியோடு போன குழு கால்மணி நேரத்தில் முடித்துத் திரும்பியது. மடிக்கணினிக் குழு அதை மரத்தடிக்குத் தூக்கிச் சென்று, வெயிலில் திரை தெரியாமல் திரும்பி வந்தது.

இரண்டாவது, நம் ஊரைப் பற்றித் தமிழில் அரைப்பக்கம் தட்டச்சு செய்வது. தமிழ்99 விசைப்பலகையைப் பயன்படுத்தினோம். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். மாணவர்கள் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். கைக்கணினியில் திரையின் பாதியை விசைப்பலகையே எடுத்துக்கொண்டது. எழுதியதைத் திருத்தும்போது இரண்டு எழுத்துகளுக்கு நடுவே விரலை வைக்க மாணவர்கள் திணறினார்கள். "எழுதறது ஈசி சார், திருத்தறதுதான் கஷ்டம்" என்றான் ஒருவன். மறுநாள் ஓர் இணைப்பு வடத்தின் வழியாகக் கைக்கணினியோடு சாதாரண விசைப்பலகையை இணைத்தேன். சிக்கல் பெருமளவு தீர்ந்தது.

மூன்றாவது, பத்து நாள் தக்காளி விலையை அட்டவணையிட்டுப் பட்டை வரைபடம் ஆக்குவது. சிறிய கட்டங்களில் எண்களை உள்ளிடவும் சராசரிக்குச் சூத்திரம் எழுதவும் மடிக்கணினியே எளிதாக இருந்தது. கைக்கணினியிலும் முடிந்தது, ஆனால் மெதுவாக.

நான்காவது, ஸ்கிராட்ச் மென்பொருளில் ஒரு பூனையை நடக்க வைப்பது. இரண்டிலும் முடிந்தது. கட்டளைத் துண்டுகளை விரலால் இழுத்துப் பொருத்துவது மாணவர்களுக்கு மவுஸைவிட எளிதாகவே இருந்தது. ஆனால் மறுநாள் அந்தப் பூனையைக் காணவில்லை. கைக்கணினி என் கணக்கில் இயங்குகிறது. மாலையில் பதிவு வேலைகளுக்காக அதை எடுத்த நான், மாணவர்களின் வேலையைச் சேமிக்காமல் மூடிவிட்டேன். தவறு என்னுடையதுதான். நேற்று செய்ததை இன்று தொடர முடியாமல் நின்ற அந்தக் குழுவின் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விடை கிடைத்தது.

கருவியைவிட முக்கியமான நான்கு கேள்விகள்

கைக்கணினி கணினிதான். அதில் ஐயம் இல்லை. ஆனால் என் மேசையில் இருக்கும் கைக்கணினி என்னுடைய தனியாள் கணினி. மாணவருடையது அல்ல. நிர்வாகப் பணிக்காகத் தரப்பட்ட கருவியில் மாணவர் தம் விருப்பம்போல் செயலிகளை நிறுவ முடியாது, நிறுவவும் கூடாது. ஆகவே எந்தக் கருவியாக இருந்தாலும் அது மாணவருக்குத் தனியாள் கணினியாகிறதா என்று அறிய இந்த நான்கு கேள்விகளைக் கேட்கலாம்:

1. மாணவர் இதில் பார்ப்பதோடு நிற்காமல் ஒன்றை உருவாக்க முடிகிறதா? (எழுத்து, படம், ஒலி, அட்டவணை, நிரல்)
2. உருவாக்கியதைத் தம் பெயரில் சேமித்து, மறுநாள் எடுத்துத் தொடர முடிகிறதா?
3. செய்ததைத் திருத்தவும் மாற்றவும் எளிதாக முடிகிறதா? முடியாவிட்டால் ஒரு விசைப்பலகையைச் சேர்த்தால் போதுமா?
4. வாரத்துக்கு எத்தனை நிமிடம் அது உண்மையில் அவர் கையில் இருக்கிறது?

நான்காவது கேள்விக்கு ஒரு சிறு கணக்கு. 30 மாணவர்கள், ஒரு கைக்கணினி, 40 நிமிடப் பாடவேளை. சமமாகப் பகிர்ந்தால் ஒருவருக்கு 80 நொடி. இதை ஒரு கணினி உள்ள வகுப்பு என்று பதிவேட்டில் எழுதலாம், எண்ணிக்கை சரிதான். ஆனால் 80 நொடியில் ஒரு குழந்தை தன் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு எழுந்துகொள்ள வேண்டியதுதான்.

மாறாக, மாணவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட, விசைப்பலகையோடு கூடிய, ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புறை உள்ள ஒரு டேப்லெட், கடவுச்சொல் போட்டு அலமாரியில் பூட்டிவைத்த புதிய மடிக்கணினியைவிட மேலான தனியாள் கணினி. ஆகவே டேப்லெட்டைத் தாழ்த்துவது என் நோக்கம் அல்ல. எண்ணிக்கையை வைத்து நிறைவடைந்துவிடக் கூடாது என்பதே என் கருத்து.

எங்கள் பள்ளியில் இதன்பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தோம். இருப்புப் பதிவேட்டை ஒட்டி ஒரு தனி நோட்டில் கருவியின் வகை, யார் பொறுப்பு, மாணவர் பயன்படுத்திய நேரம் என்று மூன்று பத்திகள் இட்டோம். ஆசிரியர் கருவி, மாணவர் கருவி என்பது அதில் தெளிவாகத் தெரியும். கூடுதல் கருவி கேட்டு எழுதும்போது இந்த நோட்டே நம் தரப்பு நியாயத்தைச் சொல்லும். அடுத்து, பழைய மடிக்கணினியில் குழுவுக்கு ஒரு கோப்புறை உருவாக்கி, பாடவேளை முடியும் முன் கடைசி ஐந்து நிமிடத்தைச் சேமிப்பதற்கென்றே ஒதுக்கினோம்.

உங்கள் வகுப்பில் செய்து பார்க்க

6 முதல் 8 வரை எந்த வகுப்பிலும் இரண்டு பாடவேளைகளில் இதை நடத்தலாம்.

முதல் பாடவேளை: கரும்பலகையில் உள்ளீடு, செயலகம், நினைவகம், வெளியீடு என நான்கு பத்திகள் வரையுங்கள். மேசைக்கணினி, மடிக்கணினி, டேப்லெட், திறன்பேசி, கணக்கீட்டுக் கருவி ஆகியவற்றைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். கருவி இல்லாவிட்டால் படம் போதும். பிறகு 'டேப்லெட் தனியாள் கணினியே' என்ற தலைப்பில் இரு அணியாக வாதிடட்டும். ஒவ்வொருவரும் ஒரு காரணமாவது சொல்ல வேண்டும்.

இரண்டாம் பாடவேளை: ஒரே வேலையை இரண்டு கருவிகளில் செய்யச் சொல்லுங்கள். ஆன நேரம், தடுமாறிய இடம் இரண்டையும் மாணவர்களே குறித்துக்கொள்ளட்டும். முடிவில், முந்தைய நாள் எடுத்த நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ள விரும்புவோர் அணி மாறலாம். மாறியவர்களிடம் காரணம் கேளுங்கள். சான்றைப் பார்த்துக் கருத்தை மாற்றிக்கொள்வது தோல்வி அல்ல என்பதை அறிவியல் வகுப்பில் கற்பிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

மதிப்பீட்டுக்கு ஒரே வினா: 'உன் பள்ளிக்கு ஒரு கருவி வாங்கலாம் என்றால் எதைக் கேட்பாய்? என்ன வேலைக்காக?' எந்தக் கருவியைக் கேட்டாலும் மதிப்பெண் உண்டு. வேலையைச் சொல்லாமல் கருவியை மட்டும் சொன்னால் மதிப்பெண் இல்லை.

எங்கள் வகுப்பில் அந்த வினாவுக்குப் பலவித விடைகள் வந்தன. முதல் நாள் கையை இறக்கிய மாணவி எழுதியது இது: "எனக்கு வேற கருவி வேண்டாம். வீட்டில் இருக்கும் டேப்புக்கு ஒரு கீபோர்டு வேண்டும். அதில் எங்கள் பாட்டி சொல்லும் கதைகளை எழுதி வைப்பேன்."

மறு வாரம் வேறொரு பாடத்திற்காக அதே கேள்வியை மீண்டும் கேட்டேன். "யார் யார் வீட்டில் கணினி இருக்கிறது?" இந்த முறை அவள் கை பாதியில் நிற்கவில்லை.